இலவசமாக வாதாடுவது தர்மம் அல்ல

வழக்கறிஞர்கள் சிலர் ஏன் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்துகிறார்கள்? இரக்கத்தால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குமரி மாவட்டத்தின் வரலாறு வேறு பதிலைச் சொல்கிறது.

1920களில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. நீதி கேட்டுப் போன இடத்திலும் சாதி நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. பள்ளியாடியில் பிறந்த இளம் வழக்கறிஞர் ஏ.நேசமணி அந்த முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சட்டம் படித்தவருக்கே முக்காலி என்றால், வாசலில் காத்து நின்ற ஏழைக் கட்சிக்காரருக்கு என்ன கிடைத்திருக்கும்?

அதே நாகர்கோவிலின் வழக்கறிஞர் பி.சிதம்பரம் பிள்ளை, 1933இல் கோயில் நுழைவு உரிமை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கோயிலுக்குள் போவது யாரோ தரும் சலுகையல்ல, உரிமை என்பதே அவர் வாதம். 1936 நவம்பர் 12இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை மன்னரின் பெருந்தன்மை என்று மட்டும் படிப்பவர்கள், தெருவில் நின்ற மக்களையும் இந்த வாதத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

மகத் குளத்தையும் நினைத்துப் பாருங்கள். அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தியது 1927இல். எதிர்த்தரப்பு தொடுத்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது 1937இல். பத்தாண்டு! கூலிக்கு உழைப்பவர் பத்தாண்டு வாய்தாவுக்குக் காசு கொடுக்க முடியுமா? பணமுள்ளவன் வழக்கை வெல்ல வேண்டியதில்லை, இழுத்தடித்தாலே போதும். அந்த ஆயுதத்தை முறிக்கத்தான் கட்டணம் வாங்காத வழக்கறிஞர் தேவைப்படுகிறார்.

பின்னர் இது சட்டமாகவே ஆனது. 1976இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம் என்கிறது. வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது கைகட்டி நிற்காதீர்கள். கேட்பது உரிமை.

சட்டம் படிக்கும் தோழர்களே, நாளை நீங்கள் கட்டணமின்றி ஒரு வழக்கை எடுத்தால் அது யாருக்கும் போடும் பிச்சையல்ல. நமக்கு முன்னால் போராடியவர்களுக்கு நாம் திருப்பிச் செலுத்தும் கடன்.