சட்ட மீறலும் அறமும்: ஆய்விதழ்த் தரவிறக்கத்தை முன்வைத்து

பதிப்புரிமை உள்ள படைப்பை இசைவின்றித் தரவிறக்குவது 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவாக உரிமை மீறல். தெரிந்தே மீறுவோருக்கு அதன் 63ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயம் நோக்காத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் நேற்று வெளியான திரைப்படத்தையும் பழைய ஆய்வுக் கட்டுரையையும் அப்பிரிவு வேறுபடுத்துவதில்லை. அறநோக்கில் இவ்வேறுபாடு முக்கியமானது.

நகலெடுப்பதால் மூலம் உரியவரிடமிருந்து பறிபோவதில்லை. ஆகவே இது பொருள் திருட்டு அன்று என்பர். அதனால் தீங்கே இல்லை என்று ஆகிவிடாது. திரைப்படத்தின் வசூல் பெரும்பாலும் முதல் சில நாட்களில் அடங்கிவிடுகிறது. அந்நாட்களில் பரவும் திருட்டுப் பிரதி, வட்டிக்குக் கடன் வாங்கிய தயாரிப்பாளரை நேரடியாகத் தாக்குகிறது. டிக்கெட் வாங்க வசதியுள்ளவர் அதைத் தரவிறக்கும்போது, மற்றவர்கள் கொடுத்த காசில் தாம் படம் பார்க்கிறார்.

ஆய்விதழ்களின் நிலை வேறு. கட்டுரையாளருக்குப் பொதுவாக உரிமத்தொகை கிடையாது. மதிப்பீட்டாளரும் ஊதியமின்றியே உழைக்கிறார். ஆய்வுச் செலவில் பெரும்பங்கு மக்கள் வரிப்பணம். பதிப்பகத்துக்கும் செம்மையாக்கம், சேமிப்பு முதலிய செலவுகள் உண்டு. எனினும் ஒரு கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் உள்ளன. கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் 2011இல் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சய்-ஹப் தளத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். அத்தளத்துக்கு எதிராக எல்சவியர் பதிப்பகம் தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் 2017இல் 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2020 டிசம்பரில் எல்சவியர் உள்ளிட்ட பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தையும் நாடின.

இத்தகைய தரவிறக்கத்தைச் சட்ட மறுப்பாகக் கருதலாமா? 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பெடுத்தோர் நாளும் இடமும் அறிவித்துச் சட்டத்தை மீறினர், சிறையையும் ஏற்றனர். சட்டத்தை மாற்றுவதே அவர்கள் நோக்கம். அறைக்குள் இருந்தபடி கோப்பை இறக்குபவரிடம் அந்த வெளிப்படைத்தன்மையும் இல்லை, தண்டனையை ஏற்கும் துணிவும் இல்லை. ஆகவே சத்தியாக்கிரகத்தின் பெருமையை அவர் கோர முடியாது. அதிகபட்சம் அவர் கோரக்கூடியது மன்னிப்பு: தேவை உண்மையானது, வேறு வழி இல்லை, பிறருக்கு நேரும் இழப்பு சிறிது என்ற மூன்றையும் அவர் காட்டினால் மட்டும்.

இவற்றுள் ‘வேறு வழி இல்லை’ என்பதன் வலு குறைந்துவருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகத்துக்கு எதிராக ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்கான பாடத்தொகுப்பு நகல்களைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆனால் தனியார் கல்லூரி மாணவரும் நிறுவனம் சாரா ஆய்வாளரும் இன்னும் வெளியே நிற்கின்றனர்.

ஆகவே, பணம் மிச்சம் பிடிக்கப் புதுப்படத்தை இறக்குவதற்கு அறநியாயம் இல்லை. நூலகச் சந்தா உள்ள பேராசிரியர் சோம்பலால் சய்-ஹப்பை நாடுவதற்கும் இல்லை. சட்டவழி அடைபட்ட ஆய்வாளரின் செயல் குற்றமே ஆயினும் மன்னிக்கத்தக்கது. அந்த வழியைத் திறக்கும் கடமை, ஆய்வுக்குப் பொதுப்பணம் தரும் அரசுடையது.