ஒரு மரப்பட்டையின் போர்ப் பயணம்

கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. திண்டுக்கல் சீமையின் பழைய பாளையங்களில் ஒன்று. தலைக்கு மேலே பன்றிமலை, ஆடலூர். இந்த அடிவாரத்து ஊர்களுக்கு மலை தண்ணீரும் விறகும் தந்தது, மலேரியா என்னும் குளிர்காய்ச்சலையும் தந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகள் முழுவதும் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. கும்பெனி அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்து விசாரித்தது. அதன் அறிக்கை 1816இல் அச்சேறியது. கொசுதான் காரணம் என்று அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது.

காற்று கெட்டது என்றால் நல்ல காற்றுக்குப் போக வேண்டும். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் சமவெளியின் நோய்களுக்குத் தப்பி மேலே ஏறிக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். மற்றவர்கள் கீழேயே இருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பளிக்குள் நடுங்கினார்கள். அவர்களுக்கான மருந்து அப்போது கடல் கடந்து, ஆண்டிஸ் மலைச் சரிவுகளில், ஒரு மரத்தின் பட்டையில் இருந்தது.

அந்த மரம் சிங்கோனா. பெரு நாட்டிலிருந்து சேசு சபைப் பாதிரிமார்கள் வழியாக அதன் பட்டை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. 1820இல் பாரிஸில் பெல்தியே, கவெந்து என்ற இரு மருந்தியலாளர்கள் அதிலிருந்து கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் கொயினா என்று சொன்னது அதைத்தான். காய்ச்சல் மிகுந்த நாடுகளில் படையும் அதிகாரியும் தங்கி ஆட்சி செய்ய வேண்டுமென்றால் இந்தப் பட்டை வேண்டும். அது விலைக்கு வாங்கும் பொருளாக இருந்தால் போதாது, சொந்தத் தோட்டத்தில் விளைய வேண்டும் என்று பிரிட்டனும் ஹாலந்தும் முடிவு செய்தன.

1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரிட்டிஷ் குழுக்கள் ஆண்டிஸுக்குப் போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த செம்பட்டை நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி 1861இல் உதகமண்டலம் வந்து சேர்ந்தன. அங்கே அரசுத் தோட்டப் பொறுப்பில் இருந்த வில்லியம் மெக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, பட்டையைத் திரும்ப வளரவைக்கும் முறையையும் கண்டுபிடித்தார். தோட்டத்தை உண்டாக்கியவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது.

ஆனால் செம்பட்டையில் கொயினாச் சத்து குறைவு. சத்து மிகுந்த ரக விதையைப் பொலிவியாவில் தேடி எடுத்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடித் தொழிலாளி. அவருடைய முதலாளி சார்ல்ஸ் லெட்ஜர் அந்த விதையை முதலில் பிரிட்டிஷ் அரசிடம் நீட்டினார். அது வாங்க மறுத்தது. 1865இல் டச்சு அரசு கொஞ்சம் விதை வாங்கி ஜாவாவில் விதைத்தது. அந்த விதைக்காக மமானி பின்னாளில் சிறையில் அடிபட்டு, வெளியே வந்த சில நாளில் செத்துப்போனார். மரத்துக்குப் பெயர் வைத்தபோது முதலாளியின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த ஒரு கொள்முதலால், அடுத்த நூற்றாண்டு பிறந்தபோது உலகின் கொயினா வணிகம் ஜாவாவின் கைக்குப் போயிருந்தது.

இங்கே நீலகிரியிலும், பிறகு ஆனைமலையில் வால்பாறைப் பக்கத்திலும் அரசுத் தோட்டங்கள் தொடர்ந்தன. தபால் நிலையங்களில் காலணாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்கும் முறை 1892இல் வங்காளத்தில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. அதற்கு ஐந்தாண்டு கழித்து, சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்திருந்த ரொனால்ட் ராஸ், நீலகிரிச் சீகூர் மலைப்பாதையில் தாமே மலேரியாவில் விழுந்து எழுந்தார். அதே 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆயுதம் மட்டும் அதே பழைய பட்டைதான்.

முதல் உலகப் போர் அந்தப் பட்டையைக் களத்துக்கு இழுத்தது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இந்தியப் படை இறங்கித் தோற்றது. பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அதில் இருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு நான்காண்டுகள் நீண்ட போரில் குண்டைவிடக் காய்ச்சலே அதிகம் பேரைச் சாய்த்தது. கடல்வழி அடைபட்ட ஜெர்மானியத் தளபதி லெட்டோவ் ஃபோர்பெக்கின் படை, அமானி ஆராய்ச்சி நிலையத்துச் சிங்கோனாப் பட்டையைக் காய்ச்சிக் குடித்துத் தாக்குப்பிடித்தது. ஐரோப்பாவிலேயே, சலோனிகா முனையில் பிரிட்டிஷ் படையில் மலேரியாவால் மருத்துவமனை சேர்ந்தவர் கணக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாம் உலகப் போரில் பட்டையே பறிபொருளானது. 1940 மே மாதம் ஜெர்மனி ஹாலந்தைப் பிடித்தபோது, உலகக் கொயினா விற்பனையை ஆட்டிவைத்த ஆம்ஸ்டர்டாம் நிறுவனமும் கிடங்கும் அதன் கைக்குப் போயின. 1942 மார்ச் 8 அன்று ஜாவாவில் டச்சுப்படை ஜப்பானிடம் சரணடைந்தது. அதே நாளில் ரங்கூனும் விழுந்தது. உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளைந்த தீவு ஒரே நாளில் நேசநாடுகளின் கையைவிட்டுப் போனது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 9 அன்று பிலிப்பைன்ஸின் பத்தான் தீபகற்பத்தில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படை சரணடைந்தது. பசியும் மலேரியாவும் அதை முன்பே உடைத்திருந்தன, கொயினா தீர்ந்துபோயிருந்தது. ஆர்தர் ஃபிஷர் என்ற அமெரிக்கக் கர்னல் மிண்டனாவோத் தோட்டத்திலிருந்து சிங்கோனா விதைகளை விமானத்தில் காப்பாற்றிக் கொண்டுபோனார். விதை மரமாகிப் பட்டை தரும்வரை போர் காத்திருக்குமா?

இந்தக் கணக்கின்படி பார்த்தால், ஜாவாவை வைத்திருந்த ஜப்பானே வென்றிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. மருந்து யாருடைய கிடங்கில் இருந்தது என்பதைவிட, யாருடைய வாய்க்குப் போய்ச் சேர்ந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

1943இல் பர்மா எல்லையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் நிலை பரிதாபமானது. காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் 120 பேர் அனுப்பப்பட்டார்கள். பதினான்காம் படையின் பொறுப்பேற்ற ஜெனரல் வில்லியம் ஸ்லிம் கொயினாவுக்குப் பதில் மெப்பாக்ரின் மாத்திரையை நம்பினார். அது ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் 1930களின் தொடக்கத்தில் பிறந்த செயற்கை மருந்து. தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு, சிப்பாய்கள் துப்பிவிட்டார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். 95 சதவீதம் பேர் மாத்திரை விழுங்கியதாகத் தெரியாவிட்டால் அந்தப் பட்டாளத்தின் தளபதிக்கு வேலை போகும். மூன்று தளபதிகளை அப்படி நீக்கினார். நான்காமவருக்கு அவசியம் வரவில்லை.

1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சி இம்பாலையும் கோஹிமாவையும் தாக்கினார். பின்னால் உணவும் மருந்தும் வரும் ஏற்பாடு இல்லாமல், எதிரியின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் படையை மலையேற்றினார். கிடங்கு கிடைக்கவில்லை, மழை வந்தது. கோஹிமா ஏப்ரலில் முற்றுகையைத் தாங்கியது. ஜூன் 22 அன்று இம்பால் சாலை திறந்தது. திரும்பிப் போன ஜப்பானிய வீரர்களில் பல்லாயிரம் பேர் பட்டினியாலும் வயிற்றுக்கடுப்பாலும் மலேரியாவாலும் வழியிலேயே விழுந்தார்கள். ஜாவா முழுவதும் அவர்களுடைய கொடியின் கீழ் இருந்தது. அதன் மருந்து அவர்களுடைய சொந்தச் சிப்பாயைக்கூட எட்டவில்லை. ஸ்லிம்மின் படையோ, கொசு கொழிக்கும் காபா பள்ளத்தாக்கில் மழைக்காலத்திலேயே விரட்டிப் போனது. பர்மாப் போரின் திருப்புமுனை அதுதான். விரட்டிப் போனவர்களுக்கு வழியும் பாலமும் அமைத்தவர்களில் சென்னை சாப்பர்ஸ் படையின் தமிழர்களும் இருந்தார்கள்.

எல்லையின் அந்தப் பக்கத்திலும் தமிழர்கள் இருந்தார்கள். கங்காணி பிடித்துக் கொடுத்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் மாவட்டத்து மக்கள். திண்டுக்கல்லும் கன்னிவாடியும் அன்று மதுரை மாவட்டம்தான். சிங்கப்பூர் விழுந்தபின் ஜப்பானியர்கள் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலேயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். பாதை 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய சொந்த மருத்துவர்களாவது இருந்தார்கள். கூலிகளின் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. இறந்த போர்க்கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. தமிழர்கள் பெரும்பாலும் மொத்தக் குழிகளில் கிடக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய கொயினாக் கிடங்கை வைத்திருந்த அரசின் வேலைத்தளத்தில் இது நடந்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இதில் பெருமை இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் விளைந்த பட்டை நாட்டின் தேவைக்குப் போதவில்லை. இருந்ததில் படைக்கே முதலிடம். வங்காளப் பஞ்சத்தில் இறந்த சுமார் 30 லட்சம் பேரில் மிகப்பலரைக் கொன்றது பட்டினியின் பின்னாலேயே வந்த மலேரியா. சிப்பாயின் வாயில் மாத்திரை இருக்கிறதா என்று சோதிக்கத் தெரிந்த அரசு, அதே ஆண்டுகளில் குடியானவனின் வாயைப் பார்க்கவில்லை.

போர் முடிந்ததும் பட்டையின் காலம் முடிந்தது. குளோரோகுயினும் டி.டி.டி.யும் வந்தன, 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. சிங்கோனா நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்கள் நடுவட்டத்திலும் வால்பாறையிலும் எழுந்தன. வால்பாறை அருகே அவர்கள் வாழும் ஓர் இடத்துக்கு இன்றும் சின்கோனா என்றே பெயர்.

2023இல் மட்டும் மலேரியாவால் உலகில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கொயினாவைவிடச் சிறந்த மருந்துகள் இன்று இருக்கின்றன, விலையும் பெரிதல்ல. அந்தப் போரில் எது கொன்றதோ அதுவேதான் இன்றும் கொல்கிறது: மருந்து இல்லாமை மட்டும் அல்ல, மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்களின் வரிசையில் கூலிக்காரனும் குடியானவனும் கடைசியில் நிற்பது. உலகப் போரின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் தளபதிகளின் பெயர்களோடு இந்த வரிசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகளின் பாடநூலில் கோஹிமாவுக்குப் பக்கத்திலேயே சயாம் ரயில்பாதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.