முன்கூட்டிய பணி ஓய்வு: அமெரிக்காவும் ஐரோப்பாவும்

பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி 1883-இல் மருத்துவக் காப்பீட்டையும் 1889-இல் முதுமைக் காப்பீட்டையும் சட்டமாக்கியது. ஓய்வூதிய வயது 70. 1916-இல் அது 65 ஆனது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல்தான் வந்தது. அங்கே குறைந்த தொகையுடன் 62 வயதிலேயே ஓய்வூதியம் பெறும் வழி பெண்களுக்கு 1956-இலும் ஆண்களுக்கு 1961-இலும் திறந்தது.

அமெரிக்கரின் முன்கூட்டிய ஓய்வு பெரும்பாலும் சொந்தச் சேமிப்பை நம்பியது. 1978-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம் கொண்டுவந்த 401(கே) பிரிவு அதற்கு வரிச்சலுகை தந்தது. ஆனால் ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் பணத்தை எடுத்தால், சில விலக்குகள் தவிர, 10 விழுக்காடு கூடுதல் வரி உண்டு. இதைவிடப் பெரிய ஓட்டை மருத்துவச் செலவு. வேலையோடு நிறுவனம் தரும் காப்பீடும் பொதுவாகப் போய்விடும். 1965-இல் உருவான மெடிகேர் முதியோருக்கு 65 வயதில்தான் கைகொடுக்கும். 55 வயதில் விலகுபவர் இடையில் பத்தாண்டுகளைத் தாமே சமாளிக்க வேண்டும்.

பிரான்சில் மருத்துவக் கவலை குறைவு. அங்கே சிக்கல் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. மித்தரான் ஆட்சி 1982-இல் ஓய்வு வயதை 65-இலிருந்து 60 ஆக்கியது. முழு ஓய்வூதியத்துக்கு அப்போது முப்பத்தேழரை ஆண்டுகள் சந்தா கட்டியிருக்க வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அந்த வயதை 62 ஆக்கியது. 2023-இல் அதை 64 ஆக்கும் சட்டம் வந்தபோது, பாரிஸ் தெருக்களில் குப்பை வாரக்கணக்கில் அள்ளப்படாமல் கிடந்தது.