முதல் கோலும் கடைசிக் கோலும்

2022 டிசம்பர் 29 அன்று பெலே மறைந்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை காரைக்குடியில் எங்கள் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம். அன்று பேசுவதாக இருந்தது பாலைத்திணைப் பாடல்களைப் பற்றி. ஆனால் தேநீர் வருவதற்குள் பேச்சு பிரேசிலுக்குப் போய்விட்டது. வட்டத்தின் இளைய நண்பர் ஒருவர் பெலேயின் இளமைக் காலத்தை ஆண்டு வாரியாக, ஆட்டம் வாரியாகச் சொல்லிக்கொண்டே போனார். காலுறைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் கட்டிய பந்து, ரயில் நிலையத்தில் செருப்புத் துடைத்த சிறுவன், பதினேழு வயதில் உலகக் கோப்பை என எல்லாம் வந்தன. நாங்களும் ஆளுக்கொரு செய்தியைச் சேர்த்தோம்.

கூட்டத்தின் மூத்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் யார்? ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோலைப் போட்டவர் யார்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. "ரெண்டும் நம்ம பக்கத்துப் பேருதான். தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் தேவகோட்டைப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்வியின் கூச்சத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

*

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை.

பெலே 1940 அக்டோபர் 23 அன்று பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், ட்ரெஸ் கொராசோயஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை டோண்டீனோவும் கால்பந்தாட்டக்காரர்தான். முழங்கால் காயம் அவரைப் பெரிய அரங்குகளுக்குப் போகவிடாமல் சிறிய ஊர்களின் அணிகளோடு நிறுத்திவிட்டது. குடும்பம் சாவோ பாலோ மாநிலத்தின் ரயில் சந்திப்பு நகரமான பௌருவுக்குக் குடிபெயர்ந்தது. 1950 ஜூலை 16 அன்று மாரகானா அரங்கில் பிரேசில் உருகுவேயிடம் 1-2 எனத் தோற்றதை வானொலியில் கேட்ட தந்தை அழுததையும், ஒன்பது வயது மகன் தானே ஒருநாள் அந்தக் கோப்பையை வென்று தருவதாகத் தேற்றியதையும் பெலேயே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பௌருவின் சிறுவர் அணியில் அவரைப் பயிற்றுவித்தவர் வால்டெமார் டி பிரிட்டோ. 1934 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியை வீணாக்கியவர். அவர் அடித்த பந்தைப் பெரும்புகழ் பெற்ற கோல்கீப்பர் ஸமோரா தடுத்துவிட்டார். தன் வாய்ப்பைத் தவறவிட்ட அந்த மனிதர்தான் 1956இல் பதினைந்து வயதுப் பையனைச் சாண்டோஸ் கழகத்துக்கு அழைத்துப் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று, 7-1 என முடிந்த ஒரு நட்பு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பையன் முதல் கோலைப் போட்டான். 1957 ஜூலை 7 அன்று அர்ஜென்டீனாவுக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம். பிரேசில் தோற்றது, ஆனால் அதன் ஒரே கோல் அவனுடையது. 1958இல் ஸ்வீடனில் முழங்கால் காயத்தோடு போய், முதல் இரண்டு ஆட்டங்களை வெளியில் இருந்து பார்த்து, மூன்றாவதில் களமிறங்கினான். கால் இறுதியில் வேல்ஸுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று, இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு. நான்கு ஆட்டங்களில் ஆறு கோல்கள்.

இந்த விவரங்களில் ஒன்றுக்குக்கூட நாங்கள் பெரிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. தந்தை, பயிற்சியாளர், கழகம், செய்தித்தாள் என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அந்தப் பையன் போனான். அவனோடு அவன் கதையும் போனது. ஒவ்வொரு கையும் ஏதோ ஒன்றை எழுதிவைத்தது.

*

இனி ஆசிரியரின் முதல் கேள்வி.

1948 ஜூலை 25 காரைக்குடிக்காரர்களுக்கு மறக்கக்கூடாத நாள். வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அன்றுதான் நேரு அடிக்கல் நாட்டினார். புதிய நாடு தன்னைக் கட்டத் தொடங்கியதன் அடையாளமாக அந்நாளை இவ்வூர் இன்றும் சொல்கிறது. அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் அதே புதிய நாட்டின் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்கொண்டது. சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அது. தலைவர் நாகா மலைகளிலிருந்து வந்த டி. ஆவோ. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள்.

முதல் பாதியில் பிரான்ஸ் முன்னிலை பெற்றது. எழுபதாவது நிமிடத்தில் இந்தியாவுக்காகச் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணியின் முன்கள ஆட்டக்காரர். ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் இந்தியா வீணாக்கியது. சைலேன் மன்னா ஒன்றை, மகாவீர் பிரசாத் மற்றொன்றை. முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என வென்றது.

அந்த இரண்டு பெனால்டிகளைப் பற்றி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவருகிறார்கள். வெறுங்கால்களைப் பற்றி அதைவிட அதிகமாக. ராமனின் கோல் மட்டும் ஆட்ட விவரப் பட்டியலின் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. தவறவிட்டவை காவியமாயின. போட்டது கணக்கில் மட்டும் நின்றது.

*

இரண்டு கோல்களுக்கும் நடுவில் ஒரு கப்பல் பயணம் நடக்காமல் போயிற்று. 1950 உலகக் கோப்பைக்கு, மற்ற ஆசிய அணிகள் விலகிக்கொண்டதால், ஆடாமலே இந்தியா தகுதி பெற்றது. ஆட்டம் பிரேசிலில். இந்திய அணி போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி கிடைக்காததுதான் காரணம் என்பது ஊரறிந்த கதை. ஆனால் கால்பந்துச் சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்கள் அணித் தேர்வில் கருத்து வேறுபாடும் பயிற்சிக்குப் போதிய நேரமின்மையும்தான். உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கைப் பெரிதாக மதித்த காலம் அது. நெடுங்கடல் பயணத்தின் சலிப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய மண்ணிலிருந்து எழுதும் எங்களுக்கு அதைப் படிக்கும்போது சிறிது சிரிப்பும் வருகிறது.

போயிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றவர்கள்தாம் நாம். ஆனால் டோண்டீனோ வானொலியின் முன் அமர்ந்திருந்த அந்த ஜூலையில், பிரேசில் மண்ணில் இந்திய முன்களத்தார் ஆடியிருந்தால், அவர்கள் பெயர்களும் அந்த வானொலியில் ஒலித்திருக்கும். யாரேனும் அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். அந்த வாய்ப்பு போனது.

*

நம்மூர் இளைஞன் ஒருவன் அக்காலத்தில் எப்படி ஆட்டக்காரனானான் என்பதற்குப் பீட்டர் தங்கராஜ் நல்ல எடுத்துக்காட்டு. 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்தராபாத்தின் உள்ளூர் கழகங்களில் ஆடிவிட்டு, 1953இல் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் சென்டர் ஃபார்வர்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அந்த இளைஞரைப் பிறகு கோல்கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். 1955லும் 1958லும் அந்த ராணுவ அணி டூரண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜ் ஆசியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பராக மதிக்கப்பட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என இந்தியா வென்றபோது கோலைக் காத்தவர் அவரே. 1967இல் அர்ஜுனா விருது.

பெலேக்குப் பதினைந்து வயதில் ஒரு கழகம் கிடைத்தது. தங்கராஜுக்குப் பதினெட்டை ஒட்டிய வயதில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. இந்த வேறுபாடு சிறியதல்ல. இங்கே ஆட்டம் சோறு போடாது. ராணுவமோ ரயில்வேயோ வேலை கொடுத்தால், அந்த வேலையின் நிழலில் ஆட்டம் வளரும். எனவே ஓர் ஆட்டக்காரனின் வரலாறு அவன் பணியில் சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய தெரு, அந்தி, முதல் பந்து, கண்டுபிடித்த கண்கள் ஆகியவை எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறுவதில்லை. பெலேயின் கதையில் நாம் மிக விரும்புவது எதுவோ, அதுவே நம்மவர் கதையில் விடுபட்டுப்போகிறது.

*

இரண்டாவது கேள்விக்கு விடை: சைமன் சுந்தரராஜ். தமிழர், முன்கள ஆட்டக்காரர்.

1960 ரோம் ஒலிம்பிக். பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், தலைவர் பி.கே. பானர்ஜி. முதல் ஆட்டத்தில் எதிரே ஹங்கேரி. அந்த அணியில் பதினெட்டு வயது ஃப்ளோரியான் ஆல்பர்ட் இருந்தார்; ஏழு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெறப்போகிறவர். இந்தியா 1-2 எனத்தான் தோற்றது. நம் கோல் பலராமனுடையது. அடுத்து பிரான்ஸ். பானர்ஜியின் கோலால் முன்னிலை பெற்று, கடைசிக் கட்டத்தில் 1-1 எனச் சமனானது. லண்டனில் தோற்ற அதே பிரான்ஸிடம் இம்முறை தோற்கவில்லை. மூன்றாவது ஆட்டம் பெருவோடு. மூன்று கோல்கள் பின்தங்கிவிட்ட நிலையில், 88ஆவது நிமிடத்தில் சுந்தரராஜ் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1-3 என முடிந்தது. இந்தியா வெளியேறியது.

தோற்றுவிட்ட ஆட்டத்தில், இரண்டே நிமிடம் மிச்சமிருக்கையில் போடப்பட்ட கோலுக்கு என்ன மதிப்பு என்று அன்று யாரும் நினைத்திருக்கலாம். அதன் மதிப்பு பின்னால் ஏறியது. 1964 முதல் 2024 பாரிஸ் வரை இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. எனவே அந்த 88ஆவது நிமிடம் இன்னும் முடியாமல் நிற்கிறது.

அதே ரோமில் பிரேசிலும் ஆடியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லாததால் பெலே இல்லை. பத்தொன்பது வயது ஜெர்சன் இருந்தார். அந்த அணியும் முதல் சுற்றோடு வெளியேறியது. ஆனால் ஜெர்சனுக்கு ஒரு பத்தாண்டு கழித்து 1970 உலகக் கோப்பை இறுதியாட்டம் காத்திருந்தது. அதில் ஒரு கோலும் போட்டார். சுந்தரராஜுக்குக் காத்திருந்தது வேறு. 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என வீழ்த்தியபோது மூன்று கோல்களும் 'கேப்டன்' மணியுடையவை. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். அந்த மணியை மலையாளிகள் மறக்கவில்லை. தமிழ்நாடோ அந்தக் கோப்பையை இதுவரை வென்றதே இல்லை.

1977 செப்டம்பர் 24 அன்று பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவுக்கு வந்து ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் 2-2. அன்று மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, ரோமில் சுந்தரராஜின் தலைவர். பௌருவிலிருந்து கிளம்பிய கதையும் நம் கதையும் அந்த ஒரு மாலையில்தான் மிக நெருங்கி வந்தன என்று தோன்றுகிறது.

*

பெலேயையும் சுந்தரராஜையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாங்கள் வரவில்லை. அது இருவருக்குமே நியாயமல்ல. எங்கள் வருத்தம் எங்களைப் பற்றியது. இந்தச் செட்டிநாட்டு மண் கணக்கெழுதும் மண். பர்மாவில் கொடுத்த கடனின் ஒவ்வொரு அணாவும் பேரேட்டில் ஏறியிருக்கிறது. நகரத்தார் திருமணம் ஒவ்வொன்றும் இசைகுடிமானத்தில் எழுதப்படுகிறது. யார் மகன், எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று நூறாண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். எழுதிவைப்பதன் அருமை தெரிந்தவர்கள்தாம் நாம். ஆனால் எழுதத் தக்கது எது என்று முடிவு செய்ததில் சிலவற்றை வெளியே விட்டுவிட்டோம். இலக்கியம் பேசுகிற எங்கள் வட்டமும் இத்தனை ஆண்டுகளில் ஒரு தமிழ் ஆட்டக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதவில்லை.

இதனால் வரும் இழப்பு பழைய புகழ் மங்குவது மட்டுமல்ல. மாலையில் எங்கள் ஊர் மைதானங்களில் ஓடும் பையன்களின் முதுகில் மெஸ்ஸியும் நெய்மாரும் இருக்கிறார்கள். இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆட்டம் எங்கிருந்தோ வருவது, நாம் பார்வையாளர்கள் என்ற எண்ணமும் அந்தச் சட்டையோடு சேர்ந்தே வருகிறது. ராமன் என்றும் சுந்தரராஜ் என்றும் பெயர் கொண்டவர்கள் இதற்கு முன்பே அங்கே போய் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், பந்தை உதைக்கும் கால் சற்று வேறுவிதமாக உதைக்கும் என்று நம்புகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆசிரியர் வந்தார். இரண்டு பெயர்களையும் சொன்னோம். தலையசைத்துவிட்டு, "சரி, இப்ப எழுதிப் போடுங்க" என்றார். எழுதிவிட்டோம். பாலைத்திணையை அன்றுதான் பேசி முடித்தோம்.