பாப்கார்ன் வீட்டுக்குத் திரும்பி வந்த கதை

பாப்கார்ன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது தியேட்டர் இடைவேளைதான். ஆனா அதோட வரலாற்றைப் பார்த்தா, தியேட்டருக்கு முன்னாடியே அது வீட்டு அடுப்புல இருந்தது. பிறகு வீட்டுக்கே திரும்பி வந்தது. அந்தத் திரும்பலுக்குச் சிலர் பெரிய விலை கொடுத்திருக்காங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல, அது எப்படிப் பொரியுது? மணிக்குள்ள சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். மேல்தோல் ரொம்பக் கெட்டி. சூடாக்கினா உள்ளே நீராவி அடைபடும், மாவுச்சத்து கூழாகும். ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் தோல் தாங்காம வெடிக்கும். கூழ் நுரைச்சு, அப்படியே இறுகி வெள்ளைப் பூவாகும். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி பிரஷர் குக்கர்னு வச்சுக்கலாம். தோல்ல விரிசல் இருந்தா ஆவி கசிஞ்சிடும், பொரியாது.

பெரு நாட்டின் வட கடற்கரையில் கிடைத்த பழைய கதிர்களை வைத்துப் பார்த்தால், 6,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க பாப்கார்ன் சாப்பிட்டிருக்காங்க. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகள்ல, நீளக் கைப்பிடி வச்ச கம்பிக் கூடையில போட்டு நெருப்பு மேல குலுக்கிப் பொரிச்சாங்க. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் நீராவியில் இயங்கும் பாப்கார்ன் இயந்திரத்தைக் காட்டினார். பாப்கார்ன் தெருவுக்கு வந்துடுச்சு. தரைவிரிப்பு அழுக்காகும்னு முதல்ல தயங்கின தியேட்டர்களும், 1930களின் பொருளாதார நெருக்கடியில் மனசு மாறினாங்க. ஐந்து, பத்து சென்ட்டுக்கு ஒரு பொட்டலம். கையில காசில்லாதவங்களும் வாங்க முடிஞ்சது.

1950கள்ல டிவி வந்தது. குடும்பம் வீட்டிலேயே உட்கார்ந்துடுச்சு, தியேட்டர்ல கூட்டம் குறைஞ்சது. பாப்கார்ன் விற்கிறவங்களும் குடும்பத்தைத் தேடி வீட்டுக்கே வந்தாங்க. 1959ல ஜிஃபி பாப் கடைக்கு வந்தது. அடுப்புல வச்சா அதோட அலுமினிய மூடி பலூன் மாதிரி உப்பும். ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர், 1940கள்ல மைக்ரோவேவ்ல பாப்கார்னைப் பொரிச்சுப் பார்த்திருந்தார். 1980கள்ல அந்த யோசனை காகிதப் பையா ஒவ்வொரு வீட்டுக்கும் போச்சு.

அந்தப் பையோட சேர்ந்து ஒரு மாற்றமும் வந்தது. முன்னாடி வெண்ணெயை வீட்ல நாம ஊத்தினோம். இப்போ வெண்ணெய் வாசனையைத் தொழிற்சாலையில யாரோ ஒருத்தர் கலக்கணும். 2000ல, மிசௌரி மாநிலத்தில் ஒரு மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டு பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய் இருப்பது சுகாதாரத் துறைக்குத் தெரியவந்தது. சிலர் நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்தாங்க. சூடான வெண்ணெய் ஃபிளேவரிலிருந்து வந்த டைஅசிட்டைல் ஆவியைத்தான் ஆய்வு சுட்டிக்காட்டியது. கலவை அறையில நின்னவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பெரிய நிறுவனங்கள் அதை நீக்கப் போறதா அறிவிக்க 2007 வரை ஆச்சு.

நாம மிச்சம் பிடிச்சது என்ன? ஒரு பாத்திரம் கழுவுற வேலை. அவ்வளவுதான்.

வீட்ல செய்யறது ரொம்ப சுலபம். அடிகனமான பாத்திரத்துல எண்ணெய் ஊத்தி மூணு மணி போடுங்க. மூணும் பொரிஞ்சா மீதியைப் போட்டு மூடி, நடுநடுவுல குலுக்குங்க. சத்தம் அடங்கினதும் அடுப்பை அணைச்சிடுங்க. எப்போ அணைக்கணும்னு காது வச்சுக் கேட்குற வேலையைக் குழந்தைங்ககிட்ட கொடுங்க. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.