பஞ்ச உணவா, பண்பாட்டு உணவா?
ஈழத்துத் தமிழர் அடுக்களையிற் கிழங்குகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசர்களையும் போர்களையும் கல்வெட்டுக்களையும் தேடிச் செல்கின்றனர். அச்சமூகம் நாள்தோறும் எதனை உண்டது, அதனை எவ்வாறு பக்குவப்படுத்தியது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. உணவு பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் நெல்லையும் குளத்தையும் பற்றியே எழுதுகின்றனர். மண்ணுக்குள் விளைந்து, ஏழையின் அடுப்பில் வெந்த கிழங்குகள் பஞ்சங்களைப் பற்றிய பக்கங்களில் மட்டும் தலைகாட்டி மறைகின்றன. இப்பார்வை முழுமையானதா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தமிழர் வாழ்வில் கிழங்கின் இடம் மிகப் பழையது. புறநானூற்றின் 109ஆம் பாடலில், பாரியின் பறம்புமலையை முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கிப் பேசும் கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பயன்களை எடுத்துரைக்கின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பனவே அவை. இந்நான்கும் இருக்கும்வரை முற்றுகையால் மலையைப் பணியவைக்க இயலாது என்பது கபிலரின் வாதம். வெளியிலிருந்து உணவு வரும் வழி அடைபட்ட வேளையிலும் ஒரு மக்கட் கூட்டத்தைத் தாங்கி நிற்பது கிழங்கு என்னும் உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது எனலாம்.

இலங்கையிலும் நிலைமை வேறானதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டு வள்ளிக்கிழங்குகளைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். தோட்டத்தில் நடப்படுவனவும் காட்டில் தாமே வளர்வனவும் அவரது விவரணத்தில் இடம்பெறுகின்றன. மக்கள் இவற்றைச் சோற்றுக்குக் கறியாகவும், சோற்றுக்குப் பதிலாகவும் உண்டனர் என்பதை அவரது குறிப்பால் அறிகின்றோம். இங்கு கிழங்கு பஞ்சத்துக்கென ஒதுக்கப்பட்ட பொருளாக இல்லை. அன்றாட உணவின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

ஐரோப்பியரின் வருகையோடு புதிய கிழங்குகள் இத்தீவுக்கு வந்தன. இவ்வரலாற்றைப் பெயர்களே ஓரளவு உணர்த்துகின்றன. தென் அமெரிக்காவுக்குரிய மரவள்ளியைச் சிங்கள மக்கள் ‘மஞ்ஞொக்கா’ என அழைப்பர். போர்த்துக்கேய மொழியின் ‘மந்தியோக்கா’ என்னும் சொல்லை இப்பெயர் நினைவூட்டுகின்றது. ‘பத்தல’ என்னும் சிங்களப் பெயரில் ‘பட்டாட்டா’ என்பதன் சாயலைக் காணலாம். நமது ‘வற்றாளை’யும் அதன் வழிவந்ததே எனக் கொள்ள இடமுண்டு. ஆயின் தமிழர் மரவள்ளிக்கு அந்நியப் பெயரைச் சூட்டவில்லை. தாம் முன்னரே அறிந்திருந்த வள்ளியின் இனத்தில் அதனைச் சேர்த்து, மரம்போல் நிமிர்ந்து நிற்பதால் ‘மரவள்ளி’ என்றனர். ஒல்லாந்த ஆள்பதி வன் டி கிராவ் 1786இல் இதனை மொரீசியசிலிருந்து தருவித்தார் என்பது வழங்கிவரும் செய்தி. அந்நியப் பயிரொன்று இருநூறு ஆண்டுகளில் உள்ளூர் உணவாக மாறியதற்கு, கிழங்கைக் கையாளும் பழைய அறிவு ஏற்கெனவே அடுக்களைகளில் இருந்தமை ஒரு காரணமாகலாம்.

இவ்வறிவின் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காணப்படுகின்றது. ஆறுகளற்ற, சுண்ணாம்புக் கற்பாறை மீது அமைந்த இந்நிலத்தில் நெல் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை நம்பியே விளைகின்றது. ஆண்டுக்கொரு போகமே கிட்டும். எஞ்சிய மாதங்களின் குறையைப் பனை நிரப்பியது. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், மழை அவற்றை முளைப்பிக்கும். தை மாதமளவில் கிழங்கு கிண்டப்படும். தோல் நீக்கி, இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். மழை வளர்த்ததை வெயில் காத்துத் தர, அடுத்த மழைவரை கெடாத உணவு வீட்டில் இருந்தது. வில்லியம் பேர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனிநூலொன்றே வெளியிட்டார் என்பது, இம்மரம் இப்பகுதி மக்களின் வாழ்வில் வகித்த இடத்துக்குச் சான்றாகும்.

ஒடியலை இடித்து அரித்தெடுத்த மாவில் இயல்பாகவே ஒரு கைப்பு உண்டு. அதனை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து அகற்றிய பின்னரே கூழுக்குப் பயன்படுத்துவர். இத்தகைய பக்குவங்கள் ஏனைய கிழங்குகளுக்கும் உண்டு. மரவள்ளியில் நஞ்சாக மாறக்கூடிய சயனைட்டுச் சேர்மம் உள்ளது. தோற்பகுதியில் அது மிகுதி. தோலைத் தடிப்பாக உரித்து, துண்டுகளாக்கி, மூடாத பானையில் நிறைந்த நீரில் அவித்து, அந்நீரைக் கொட்டிவிடும் வழக்கம் இந்நஞ்சினைக் குறைக்கின்றது. கிண்டி ஓரிரு நாட்களில் நீலக்கோடுகள் தோன்றிய கிழங்கை நம் வீடுகளில் விலக்கிவிடுவர். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்னும் நம்பிக்கை தமிழரிடத்தும் சிங்களவரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. கரணைக்கிழங்கு நாவில் அரிப்பதற்கு அதிலுள்ள ஒட்சலேற்றுப் பளிங்குகள் காரணமாகும். அதனாலேயே அக்கறியில் பழப்புளி தவறாது இடம்பெறும். இராசவள்ளியோ இத்தகைய தொல்லை அதிகமற்றது. அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்க்க, ஊதா நிறத்தில் இனிய கஞ்சியாகும். இரசாயனம் பயிலாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்து வகுத்த முறைகள் இவை. எந்த ஏட்டிலும் அவர்கள் இவற்றை எழுதிவைக்கவில்லை.

உடல்நலம் நோக்கிப் பார்ப்பினும் இவர்களது தேர்ச்சி புலனாகும். கிழங்கு மாப்பொருள் மிகுந்தது. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. அதனை மட்டும் உண்டு நலமாக வாழ இயலாது. ஆயின் ஒடியற் கூழ் ஆக்கப்படும் விதத்தை நோக்குக. மீன், நண்டு, இறால் ஆகியவற்றோடு பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், முருங்கையிலை என்பன ஒரே பானையிற் சேர்கின்றன. செத்தல் மிளகாயும் புளியும் சுவை கூட்ட, இறுதியில் ஒடியல் மா கரைத்து விடப்படுகின்றது. மாவின் குறையை மீனும் பயிற்றங்காயும் இலையும் ஈடுசெய்கின்றன. பிளாவில் வார்த்து உற்றார் சூழ இருந்து குடிக்கும் இவ்வுணவை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்தாது.

அவ்வாறாயின், கிழங்கு பஞ்ச உணவென்னும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? கடந்த நூற்றாண்டின் அனுபவங்களே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து பெற்றுவந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. மக்கள் மரவள்ளியையும் வற்றாளையையும் நாடினர். 1970 முதல் 1977 வரை உணவு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1973இல் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட, பாணுக்கு வரிசைகள் நீண்டன. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட வடபகுதிக் கமக்காரர் அக்காலத்தில் நல்ல விலை பெற்றனர். மலையகத் தோட்டங்களிலோ 1974இல் பட்டினியால் உயிர்கள் போயின. 1990இன் பின் வடபகுதி பொருளாதாரத் தடைக்குள்ளானபோது ஒடியல் மீண்டும் அடுப்பேறியது. 2021இல் இரசாயன உரத் தடையால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 செத்தெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அப்போதும் பல வீடுகளிற் கிழங்கே ஒருவேளை உணவாயிற்று.

ஒவ்வொரு முறையும் நெருக்கடி நீங்கியதும் கிழங்கும் நீங்கியது. துன்ப நினைவு மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இக்கட்டுரையாளரின் அம்மம்மா, தடைக்காலத்தில் மரவள்ளி அவிக்கும் வேளையில் யாரேனும் படலையைத் திறந்து வந்தால், பானையை மூடி அடுப்படியின் மூலைக்கு நகர்த்திவிடுவாராம். இருந்த சிறிதளவு அரிசியை உலையிலிட்டு வந்தவருக்குச் சோறு கொடுத்து, தாம் பின்னர் கிழங்கை உண்பாராம். வந்தவர் வீட்டிலும் அன்று கிழங்குதான் வெந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று. சோறு மதிப்பின் குறியீடாகவும் கிழங்கு தாழ்வின் குறியீடாகவும் நின்ற சமூகத்தில், உயிரைக் காத்த உணவே மறைக்கவேண்டிய பொருளாயிற்று. அவர் தம் மகளுக்குச் சோறு சமைக்கக் கற்றுக்கொடுத்தார். ஒடியல் மாவின் கைப்பை நீக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. 2022இல் எமது வீட்டில் ஒடியல் மா வாங்கப்பட்டபோது, அதனை எத்தனை முறை ஊறவைத்து வடிப்பது என்று கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை. அயல்வீட்டு முதியவரொருவரே வந்து காட்டித்தந்தார்.

இந்நிகழ்ச்சி வரலாற்று மாணவருக்கு ஒன்றை உணர்த்துகின்றது. நெருக்கடிக் காலத்தில் கிழங்கு மக்களைக் காப்பாற்றியது எனில், நெருக்கடியற்ற காலத்தில் அதனைச் சமைத்துப் பழகியிருந்தோர் இருந்தமையே அதற்குக் காரணம். பஞ்சம் வந்தபின் கிழங்கை நட்டுக்கொள்ளலாம். பக்குவத்தை அவ்வாறு உடனே பெறமுடியாது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருட்களைச் சந்தைப்படுத்த முயன்று வருகின்றது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் பொதியிற் கிடைக்கும் மாவோடு, அதனை உண்ணத்தக்கதாக்கிய அறிவும் கைமாற வேண்டும்.

இதற்கு நாம் செய்யக்கூடிய பணி எளியது. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும், தம் ஊர் முதியவர்களிடம் கிழங்குகளின் பெயர்களையும் நடும் காலத்தையும் சமைக்கும் முறையையும் கேட்டு எழுதி வருதல் கூடும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், வன்னி, மலையகம் எனப் பல பிரதேசங்களிலிருந்து வருவோர் இங்கு ஒருங்கே பயில்கின்றோம். அக்குறிப்புகள் ஒன்றுசேர்ந்தால், இதுவரை எவரும் எழுதாத ஒரு சமூக வரலாற்றுக்கு மூலாதாரமாக அமையும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்துமுடித்தல் வேண்டும்.