எபிசோட் 34: ராஜ்யமா, ஆட்சியா? காரைக்கால் குருவும் ஒரு சுவரும்



நாகூரிலிருந்து தரங்கம்பாடிக்கு பைக்கில் கிளம்பினால் வழியில் ரெண்டு தடவை எல்லை தாண்டணும். வாஞ்சூரில் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் ஆரம்பிக்கும். பூவத்தில் காரைக்கால் முடிந்து மறுபடியும் தமிழ்நாடு. நடுவில் பெட்ரோல் விலை மாறும், நம்பர் பிளேட் எழுத்து மாறும், பாட்டில் கடைகளின் எண்ணிக்கை ரொம்பவே மாறும். வயலும் வாய்க்காலும் மட்டும் அப்படியே இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு 'ராஜ்யம்' என்று சொன்னாலே மண்டைக்குள் ஒரு மேப் விரியும். எல்லைக்கோடு, செக்போஸ்ட், உள்ளே யார், வெளியே யார். அதனாலதான் சின்ன வயசில் என் கிறிஸ்தவ நண்பன் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் 'தேவ ராஜ்யம்', 'இறையாட்சி' என்ற வார்த்தைகளைக் கேட்டபோதெல்லாம், வானத்துக்கு மேலே எங்கேயோ ஒரு பெரிய காரைக்கால் இருக்கிறது, செத்தபிறகு பாஸ்போர்ட் காட்டி உள்ளே போகணும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

போன மாசம் ஊருக்குப் போனபோது அதே நண்பனின் பாட்டியிடம் கேட்டேன். "பாட்டி, இறையாட்சின்னா மோட்சமா?"

பாட்டி ஜெபமாலையைக் கீழே வைக்காமலே சொன்னாங்க: "அது நாம போற எடம் இல்லப்பா. ஜெபத்துல என்னன்னு கேக்குறோம்? அது வரணும்னுதானே கேக்குறோம். நாங்க வர்றோம்னா சொல்றோம்?"

இத்தனை வருஷமாக அந்த ஜெபத்தைக் காதால் கேட்டிருக்கேன், இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைய எபிசோட் அந்தப் பதிலில் ஆரம்பிக்கிறது.

முதலில் வார்த்தையைப் பார்த்துவிடுவோம். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் சொல் 'பசிலேயா'. இயேசு பேசிய அரமேய மொழியில் 'மல்கூத்தா'. இந்த ரெண்டு சொற்களுக்கும் நாடு, நிலப்பரப்பு என்ற பொருளும் உண்டு. ஆனால் முதல் பொருள் அரசாளுதல், ஆட்சி செய்தல். அதாவது இடத்தைவிட அங்கே நடக்கும் செயல்தான் முக்கியம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 1871-இல் வெளியான புராட்டஸ்டன்ட் வேதாகமப் பதிப்பு 'தேவனுடைய ராஜ்யம்' என்றது. கத்தோலிக்கர்களின் பழைய ஜெபப் புத்தகங்களிலும் 'இராச்சியம்'தான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது 'இறையாட்சி' ஆனது. பழைய சொல்லில் ஒரு கோட்டை தெரிகிறது. புதிய சொல்லில் ஒரு நடப்பு தெரிகிறது. எங்க ஐ.டி. பாஷையில் சொன்னால், சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அந்த சர்வர் எந்த விதிப்படி ஓடுகிறது என்பது இன்னொரு கேள்வி. பாட்டி ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னாங்க.

இயேசு இதைப் பேசியது எங்கே என்பதையும் மறக்கக்கூடாது. கலிலேயாவை அப்போது ஆண்டவன் ஏரோது அந்திப்பா. அவனுக்கு மேலே ரோம். வரி, படை, அரண்மனை எல்லாம் கண் முன்னால் இருந்த காலத்தில் ஒரு கிராமத்துத் தச்சர் 'கடவுளின் ஆட்சி' என்று பேசினால் அது அரசியல் பேச்சாகத்தான் காதில் விழும். தன்னை அரசன் என்று சொல்லிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில்தான் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்.

ஆனால் அந்த ஆட்சிக்கு அவர் சொன்ன உதாரணங்களைப் பாருங்க. படையோ கோட்டையோ இல்லை. கடுகு விதை. மாவைப் புளிக்க வைக்கும் புளிப்பு. ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிற மாதிரி, சத்தமில்லாமல் நடக்கும் வேலை. அப்புறம் ஒரு விருந்து. அழைத்தவர்கள் ஆளுக்கொரு சாக்கு சொல்லி வராமல் போக, தெருவில் இருந்த ஏழைகளையும் உடல் ஊனமுற்றவர்களையும் கூட்டி வந்து உட்கார வைக்கும் விருந்து. யார் எங்கே உட்காருகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் அந்த ஆட்சி தெரிய வேண்டும். இதை மனசில் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

இப்போ காரைக்கால். தஞ்சை மராத்தியர் கையில் இருந்த இந்த ஊர் 1739-இல் பிரெஞ்சுக் கம்பெனி கைக்கு வந்தது. 1760-இல் பிரிட்டிஷார் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். இப்படிப் பிடிப்பதும் கொடுப்பதுமாகவே பல வருஷம் போனது. கடைசியில் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி உறுதியானது. இத்தனை ராஜ்யம் பார்த்த ஊர்.

பிரெஞ்சு ஆட்சி வந்து 7 வருஷம்கூட முழுசாக ஆகாத நேரத்தில், எங்க ஊர்க் குரு ஒருவர் புதுச்சேரியில் செய்த காரியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசணும். அவரைப் பற்றிச் சொல்வது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சுக் கம்பெனியோடு நெருக்கமாக இருந்த வணிகர், பின்னாளில் ஆளுநர் தூப்ளேக்சின் தலைமை துபாஷி. 1736-இல் ஆரம்பித்து, 1761-இல் சாகிறவரை ஊரில் நடந்ததையெல்லாம் எழுதி வைத்தவர். அவர் கிறிஸ்தவர் இல்லை. சாதி ஒழுங்கு சரிதான் என்று நம்பியவர். அதனால் இந்தச் சம்பவத்தை அவர் யாரையும் புகழ்வதற்காக எழுதவில்லை.

1745 அக்டோபர் 16. இடம், புதுச்சேரி சம்பா கோயில். சான் பால் என்ற பெயர்தான் ஊர் வாயில் சம்பா ஆனது. கோயிலுக்குள்ளே வடபக்கமாக ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், இன்று தலித் கிறிஸ்தவர்கள் என்று நாம் சொல்லும் மக்கள். இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் கலப்பினத்தவரும். கோயில் கட்டின நாளிலிருந்து இப்படித்தான்.

காரைக்காலிலிருந்து வந்த குருவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் சேரி மக்களிடம் பேசினார். அவர்கள் திரண்டு பெரிய குருவிடம் போனார்கள். போய்க் கேட்டது ரொம்ப நேரான கேள்வி: நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டாமா? ஆண்டவரே பேதம் பார்க்காதபோது இவர்கள் எங்களைத் தள்ளி வைத்ததற்கு நீங்கள் எப்படிச் சம்மதித்தீர்கள்?

பெரிய குரு அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார். சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் இடிந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் கலந்து நின்று வழிபட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல சினிமா கிளைமாக்ஸ். ஆனால் பிள்ளை அடுத்ததையும் எழுதியிருக்கிறார். கம்பெனியின் பெரிய துபாஷி கனகராய முதலியார், அவர் கத்தோலிக்கர். அவருடைய உறவுக்காரர் ஒருவரின் மனைவி, நகையும் மெல்லிய துணியும் வாசனையுமாகக் கோயிலுக்கு வருகிறார். குரு மூக்கைப் பொத்திக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் அந்தப் பெண்ணின் கொண்டையைக் குத்தி, கண்டபடி திட்டி விரட்டுகிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். இனிமேல் கோயிலுக்கே வரமாட்டோம் என்ற அளவுக்குப் பேச்சு போனது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கசந்தது. ஒரே சாயங்காலம், ஒரே கோயில். ஒரு கை சுவரை இடிக்கிறது, இன்னொரு கை ஒரு பெண்ணைப் பிரம்பால் குத்துகிறது. மேலிருந்து வரும் உத்தரவால் சுவரை எடுக்கலாம். அந்த உத்தரவின் மனசு மாறியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

சரியாக 45 நாள் கழித்து நவம்பர் 30. அதே கனகராய முதலியார் உழவர்கரையில் ஒரு தேவாலயம் கட்டி முடித்து ஊருக்கே விருந்து வைக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் அழைப்பு. தூப்ளேக்சும் வந்தார். ஆனால் சமையல் எப்படி? சத்திரங்களும் தோட்டங்களும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பிராமணர்களுக்கு பிராமணச் சமையல், மற்றவர்களுக்கு அவரவர் சாதி ஆசாரப்படி தனித்தனி ஏற்பாடு. யாருடைய ஆசாரமும் கெடாமல் எல்லோரையும் திருப்திப்படுத்திய விருந்து.

முதலியாரைக் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காலத்தில் அது பெருந்தன்மைதான். ஆனால் சுவிசேஷத்தில் வரும் விருந்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அந்த அக்டோபர் சாயங்காலத்தில் சில மணி நேரம் இறையாட்சி வந்து எட்டிப்பார்த்தது என்றால், நவம்பரில் பழைய ராஜ்யம் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு வேலையும் நடந்தது. 1748-இல் பிரிட்டிஷார் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைக் கம்பெனி ஆட்கள் இடித்தார்கள். சேசு சபைக் குருக்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த விஷயம் அது. பிள்ளை அதை மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறார். கடவுளின் ஆட்சியும் பிரெஞ்சு மன்னரின் ராஜ்யமும் ஒன்று என்று குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கோயிலுக்குள்ளே இருந்த தங்கள் சுவரை இடித்தது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரனின் சுவரை இடித்தது வேறு.

சுவர் கதை 1745-இல் முடியவில்லை. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் எதிர்த்தார்கள், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் உட்பட. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே ரெண்டு கால் மாதிரி பிரித்துக் கட்டினார்கள், நடுவில் தடுப்போடு. 1910-இல் தடுப்பை எடுத்தபோது, திரும்பக் கட்டித் தரணும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் முடியாது என்றது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் சுவரைப் பற்றி நீங்களே செய்தியில் பார்த்திருப்பீங்க. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் வெடித்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இது நம்ம காலம். நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த வருஷம்.

அரசாங்கம் பக்கமும் ஒரு முரண் உண்டு. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துக்கு பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று காகிதம் சொல்கிறது. கல்லறைச் சுவர் வேறு சொல்கிறது.

இதையெல்லாம் பார்த்துட்டு 'எதுவுமே மாறாது ப்ரோ' என்று நீங்க கேட்கலாம். நானும் அதே மூடில்தான் பாட்டியிடம் சம்பா கோயில் கதையைச் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாங்க.

"எனக்கு அப்ப பத்து பதினோரு வயசு இருக்கும். பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுச்சு. மிட்டாய் குடுத்தாங்க. ஆனா எங்க கிராமத்துக் கோயில்ல நாங்க உக்கார்ற எடம் மாறல. கடைசில, தூணுக்குப் பின்னால."

இத்தனை வருஷத்தில் இந்தக் குடும்பத்தின் சாதியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை என்பதுதான் நிஜம்.

"அப்புறம் எப்ப பாட்டி மாறுச்சு?"

"பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்த எங்க பெரியண்ணன், ஒரு ஞாயித்துக்கெழமை நேரா நடந்து போயி மொத வரிசைல உக்காந்தாரு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பாங்களா? சொன்னாங்க. அவரு எந்திரிக்கல. சாமியார் பூசையை நிறுத்தல. அடுத்த வாரம் அம்மாவும் நானும் பொம்பளைங்க பக்கத்துல முன்னால போயி உக்காந்தோம். எனக்குக் கைகால் நடுங்குச்சு. பூசை முடியிறவரைக்கும் திரும்பியே பாக்கல."

சொல்லிவிட்டு ஜெபமாலையில் விட்ட மணியைத் தேடி எடுத்துத் தொடர்ந்தாங்க.

காரைக்கால் குரு பற்ற வைத்தது ஒரு சாயங்காலம். இந்தக் குடும்பம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. வரலாற்றுப் புத்தகத்தில் தேதி போட முடியாத நாட்கள். ஆட்சி வருவது என்று பாட்டி சொன்னது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, கல்யாணப் பந்தியோ, அந்தக் காலத்தில் நம்ம வீட்டு ஆளுங்க எங்கே உட்கார்ந்தாங்க, நம்மால் யார் தள்ளி உட்கார வேண்டியிருந்தது? கிடைக்கிற பதிலை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பூவம் எல்லையைத் தாண்டி தரங்கம்பாடி அச்சகத்துக்குப் போவோம்.